ஃப்ளோட்டிங் ட்ரெமோலோ கிடாரைச் சுதி கலையாமல் வைத்திருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலக்ட்ரிக் கிடாரில் வேமி பார் (சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி) வேண்டும் என்று ஆசைப்பட்டு ஃப்ளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்குகளின் கீழ்முனையைத் தாங்கும் பாகம்) உள்ள கிடாரை வாங்கிவிட்டு, முதல் வாரத்திலேயே "இதை ட்யூன் செய்யவே முடியவில்லை, விற்றுவிடலாமா?" என்று கேட்டு வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல வருடமாக என் கிடார்களையும் நண்பர்களின் கிடார்களையும் நானே சரிசெய்து வருகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். விற்க வேண்டாம். ஒரு மாலை நேரத்தைப் பொறுமையாக ஒதுக்கினால் போதும்.

ஃப்ளோட்டிங் பிரிட்ஜ் என்றால் என்ன? சாதாரண பிரிட்ஜில் இருந்து எதில் வேறுபடுகிறது?

சாதாரண கிடாரில் பிரிட்ஜ் உடம்போடு இறுக்கமாகத் திருகப்பட்டிருக்கும். ஸ்ட்ரிங் எவ்வளவு இழுத்தாலும் அது அசையாது. ஃப்ளோட்டிங் பிரிட்ஜ் அப்படி இல்லை. முன்பக்கம் இரண்டு தூண் திருகுகள் மேல் மட்டும் சாய்ந்து, மற்ற எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. மேலே ஆறு ஸ்ட்ரிங்குகள் அதைக் கழுத்துப் பக்கம் இழுக்கின்றன. கிடாரின் பின்பக்கக் குழிக்குள் மூன்று முதல் ஐந்து ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரண்டும் சமமாகும் இடத்தில் பிரிட்ஜ் நிற்கும்.

தராசுதான் இது. பள்ளி ஆய்வகத்தில் பார்த்த தராசு ஒரு கத்தி முனை மேல் நிற்குமே, அதே மாதிரி இந்தப் பிரிட்ஜின் முன் விளிம்பும் கத்தி போலக் கூராக்கப்பட்டுத் தூணின் பள்ளத்தில் அமர்ந்திருக்கிறது. ஒரு தட்டில் ஸ்ட்ரிங், மறு தட்டில் ஸ்பிரிங். எடை கொஞ்சநஞ்சம் அல்ல. 9 முதல் 42 வரையிலான ஸ்ட்ரிங் செட்டை (மெல்லிய ஸ்ட்ரிங்கின் தடிமனும் தடித்ததன் தடிமனும், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) வழக்கமான ட்யூனிங்கில் கட்டினால் மொத்த இழுவிசை ஏறக்குறைய 38 கிலோ. 10 முதல் 46 வரை என்றால் ஏறக்குறைய 46 கிலோ. இவ்வளவு பாரம் இரண்டு மெல்லிய விளிம்புகளில் நிற்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பதில்கள் எல்லாம் தானாகவே புரியும்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்? இவ்வளவு சிக்கல் எதற்கு?

அமெரிக்க கிடார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார் 1954ல் வந்தபோதே ஸ்பிரிங் வைத்த ட்ரெமோலோ அதில் இருந்தது. ஆனால் பாரை ஆழமாக அழுத்தினால் ஸ்ட்ரிங் நட்டில் (கழுத்தின் தலைப்பக்க முனையில் ஸ்ட்ரிங்குகள் படியும் கட்டை) வழுக்கி, திரும்பி வரும்போது பழைய இடத்துக்கு வராது. ஃப்ளாய்ட் ரோஸ் என்ற அமெரிக்க கிடார் கலைஞர் 1970களின் பின்பாதியில் இதற்கு ஒரு தீர்வு தேடினார். நகை செய்யும் தொழிலில் பழகிய கை அவருடையது. முதலில் நட்டில் ஸ்ட்ரிங்கைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு ஒன்றைச் செய்தார். பிறகு பிரிட்ஜ் பக்கமும் பூட்டு வந்தது. 1979ல் காப்புரிமை கிடைத்தது. ராக் கிடார் கலைஞர் எடி வான் ஹேலன் ஆரம்பத்திலேயே அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்.

ஆரம்பகாலப் பிரிட்ஜ்களில் ஃபைன் ட்யூனர் கிடையாது. நட்டைப் பூட்டிய பிறகு சுதி ஒரு நூல் விலகினாலும் பூட்டைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும். அந்தத் தொல்லைக்காகத்தான் பின்னால் சாடிலுக்குப் (பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் அமரும் சின்னக் கட்டை) பின்புறம் சுதியைத் துளித்துளியாகச் சரிசெய்யும் சின்னத் திருகுகள், அதாவது ஃபைன் ட்யூனர்கள், சேர்க்கப்பட்டன. ஆக, இந்தப் பிரிட்ஜின் ஒவ்வொரு பாகமும் சுதி விலகக்கூடாது என்பதற்காகவே வந்தது. ஒழுங்காக அமைத்த ஃப்ளாய்ட் ரோஸ், ஸ்ட்ரிங் தொளதொளவென்று தொங்கும் வரை பாரை அழுத்தி விட்டாலும் மறுபடி சுதியில் வந்து நிற்கும். அது நடக்கும்போது கிடைக்கும் சந்தோஷத்தை நான் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ட்ரெமோலோ என்ற பெயர் சரிதானா?

சரியில்லை. ட்ரெமோலோ என்றால் ஒலியின் அளவு கூடிக் குறைவது. சுருதி ஏறி இறங்குவதன் பெயர் வைப்ராட்டோ. லியோ ஃபெண்டர் பெயரை மாற்றி வைத்தார். அவருடைய ஆம்ப்ளிஃபையர்களில் ஒலி அளவை ஆட்டும் வசதிக்கு வைப்ராட்டோ என்று எழுதியிருக்கும்! பெயர் நிலைத்துவிட்டது, நாமும் அப்படியே சொல்லலாம்.

ஒரு ஸ்ட்ரிங்கை ட்யூன் செய்தால் மற்ற ஐந்தும் ஏன் ஓடிவிடுகின்றன?

இதுதான் எல்லோரையும் அழவைக்கும் கேள்வி. தராசை நினைத்துக்கொள்ளுங்கள். தடித்த ஈ ஸ்ட்ரிங்கை முறுக்கி ஏற்றுகிறீர்கள். ஸ்ட்ரிங் பக்கத் தட்டில் பாரம் கூடுகிறது. பிரிட்ஜ் கழுத்துப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. சாய்ந்ததும் மற்ற ஐந்தும் தளர்ந்து சுருதி இறங்குகின்றன. அடுத்து ஏ ஸ்ட்ரிங்கை ஏற்றினால், இப்போதுதான் சரிசெய்த ஈ மறுபடி இறங்கிவிடும். கிடாரில் கோளாறு எதுவும் இல்லை. அது செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது.

எனவே ஒரே சுற்றில் முடிக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆறாவது ஸ்ட்ரிங்கில் (தடித்தது) தொடங்கி முதல் ஸ்ட்ரிங் (மெல்லியது) வரை ஒரு சுற்று போங்கள். எதுவும் துல்லியமாக நிற்க வேண்டாம், கிட்டத்தட்ட வந்தால் போதும். மறுபடி ஆறில் இருந்து ஒன்று வரை. ஒவ்வொரு சுற்றிலும் விலகல் குறைந்துகொண்டே வரும். மூன்று நான்கு சுற்றுகளில் அடங்கிவிடும். எல்லாம் ரொம்பவே இறங்கியிருந்தால், முதல் சுற்றில் ஒவ்வொன்றையும் தேவைக்கு மேல் ஒரு துளி ஏற்றி வைத்தால் சுற்று ஒன்று மிச்சமாகும். வெளிப்புற ஸ்ட்ரிங்குகளை முதலில், நடுவில் உள்ளவற்றைக் கடைசியில் என்று வரிசை சொல்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில் எந்த வரிசை என்பது பெரிய விஷயமில்லை. ஒரே ஸ்ட்ரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு அங்கேயே நிற்காமல் அடுத்ததற்குப் போய்விடுவதுதான் முக்கியம்.

இந்த வேலை முடியும்வரை நட் பூட்டு திறந்தே இருக்கட்டும். ஃபைன் ட்யூனர்கள் எல்லாம் அவற்றின் ஓட்டத்தில் நடுவில் நிற்கட்டும். இதை முதலிலேயே செய்யாவிட்டால், பூட்டிய பிறகு ஏதாவது ஒரு ஃபைன் ட்யூனர் கடைசிவரை போய் முட்டிக்கொள்ளும். அப்புறம் எல்லாவற்றையும் திறந்து முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பிரிட்ஜ் சாய்ந்து நிற்கிறது. எப்படி நேராக்குவது?

பக்கவாட்டில் இருந்து பாருங்கள். பிரிட்ஜின் அடித்தகடு கிடாரின் உடம்புக்கு இணையாக இருக்க வேண்டும். பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் ஸ்ட்ரிங்கின் இழுப்பு அதிகம். பின்பக்கம் குழிக்குள் அமிழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கின் இழுப்பு அதிகம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஆறு ஸ்ட்ரிங்கும் சரியான சுருதியில் இருக்கும்போது பார்த்தால்தான் அந்தச் சாய்வுக்கு அர்த்தம். சுருதி இறங்கிக் கிடக்கும் கிடாரின் பிரிட்ஜைப் பார்த்து "அமிழ்ந்திருக்கிறது" என்று ஸ்பிரிங்கைத் தளர்த்துவது நான் அதிகம் பார்க்கும் தவறு. ட்யூன் செய்ததும் அது தானாகவே மேலே வந்திருக்கும்.

சரி, ட்யூன் செய்தாகிவிட்டது, இன்னமும் சாய்ந்திருக்கிறது என்றால் கிடாரைத் திருப்பிப் பின்மூடியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்குகளின் ஒரு முனை இரும்புத் தகடு ஒன்றில் மாட்டியிருக்கும். அதற்கு க்ளா என்று பெயர். இரண்டு நீளத் திருகுகள் அதை மரத்தோடு பிடித்திருக்கும். பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கியிருந்தால் இரண்டு திருகுகளையும் சமமாக இறுக்குங்கள். அமிழ்ந்திருந்தால் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. திருப்பியதும் மறுபடி ஆறு ஸ்ட்ரிங்கையும் ட்யூன் செய்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். திருகு, ட்யூன், பார். திருகு, ட்யூன், பார். அலுப்பான வேலைதான். நடுவில் ஒன்றை விட்டால் இரண்டு மணி நேரம் வீணாகும்.

இதற்குக் குறுக்குவழி எதுவும் இல்லையா?

இருக்கிறது, அதுவும் நல்ல வழி. பின்பக்கக் குழிக்குள் பிரிட்ஜின் அடியில் கனமான உலோகக் கட்டி ஒன்று தொங்குவதைப் பார்க்கலாம். ஸ்பிரிங்குகளின் மறுமுனை அதில்தான் மாட்டியிருக்கும். பாரை அழுத்தும்போது அந்தக் கட்டி கிடாரின் வால் பக்கம் நகரும். இப்போது அடித்தகடு உடம்புக்கு இணையாக இருக்கும்படி பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு, கட்டிக்கும் வால் பக்கச் சுவருக்கும் இடையில் உள்ள இடைவெளியை அளந்து, அந்தத் தடிமனுக்கு ஒரு மரத்துண்டை நறுக்கிச் செருகுங்கள். நறுக்க மரம் இல்லாவிட்டால் அட்டையை அடுக்கி டேப் சுற்றினாலும் போதும்.

அப்புறம் க்ளா திருகுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஸ்ட்ரிங்கின் இழுப்பில் கட்டி மரத்துண்டின் மேல் அழுந்தி நின்றுவிடும். பிரிட்ஜ் இனி அசையாது. சாதாரண கிடாரை ட்யூன் செய்வது போல ஆறையும் ஒரே சுற்றில் ட்யூன் செய்துவிடலாம். முடிந்ததும் க்ளா திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். ஸ்பிரிங்கின் பலமும் ஸ்ட்ரிங்கின் பலமும் சமமாகும் நொடியில் மரத்துண்டு தளர்ந்து கீழே விழும். அங்கேயே நிறுத்துங்கள். சுருதியும் சரி, சாய்வும் சரி. இந்த முறையைத் தெரிந்துகொண்ட பிறகு நான் வேறு முறைக்குப் போகவில்லை. அந்த மரத்துண்டைத் தூக்கிப் போடாமல் கிடார் பெட்டியிலேயே பத்திரமாக வையுங்கள்.

ஸ்ட்ரிங் மாற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். நான் ஒருமுறை கழற்றினேன். ஃப்ரெட் பலகையை நன்றாகத் துடைக்க வேண்டும் என்று ஆறையும் கழற்றியதும், எதிர்ப்பாரம் இல்லாத ஸ்பிரிங்குகள் பிரிட்ஜைக் குழிக்குள் இழுத்துத் தூணில் இருந்தே விலக்கிவிட்டன. தூணைச் சுற்றி இருந்த பெயின்ட் பெயர்ந்தது. மறுநாள் மாலை வாசிக்க வேண்டிய நிகழ்ச்சி. ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகக் கொக்கியில் இருந்து கழற்றி, பிரிட்ஜை மறுபடி தூணில் உட்காரவைத்து முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது.

ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, கிட்டத்தட்டச் சுருதிக்கு ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஆறையும் கழற்றியே ஆக வேண்டும் என்றால், முதலில் பிரிட்ஜின் பின் விளிம்புக்கு அடியில் மடித்த துணியையோ பழைய பிளாஸ்டிக் அட்டைகளையோ செருகி, அது அமிழாமல் தாங்கிக்கொள்ளுங்கள்.

ஃப்ளாய்ட் ரோஸில் ஸ்ட்ரிங்கின் நுனியில் உள்ள உருண்டையை வெட்டிவிட்டு, வெட்டிய முனையைச் சாடிலுக்குள் விட்டு 3 மில்லிமீட்டர் ஆலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) இறுக்க வேண்டும். முனை கடைசிவரை உள்ளே போயிருக்க வேண்டும், நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் கவ்விப் பிடிக்கும் சின்னக் கட்டை உடைந்துபோகும். உடும்புப்பிடியாக இறுக்கவும் கூடாது. ஆலன் கீயின் குட்டைக் கையைப் பிடித்து இறுக்கினால் அளவு மீறாது.

இன்னொரு வழியும் உண்டு, எனக்குப் பிடித்தது. உருண்டையை வெட்டாமல், ஸ்ட்ரிங்கைத் தலைப்பக்கம் ட்யூனிங் கீயின் துளையில் இருந்து கோத்து, உருண்டை அங்கேயே நிற்கும்படி விட்டு, வெறும் முனையைச் சாடிலுக்குக் கொண்டுவாருங்கள். கீயைச் சுற்றி கொஞ்சம் உபரி நீளம் விட்டுவையுங்கள். இந்த ஸ்ட்ரிங்குகள் பெரும்பாலும் சாடில் வாயில்தான் அறும். அப்போது உபரியை விடுவித்து அதே ஸ்ட்ரிங்கை மறுபடி கவ்வவைக்கலாம்.

மாட்டிய பிறகு, நட்டைப் பூட்டும் முன், ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் நடுவில் பிடித்து மெல்ல மேலே இழுத்து விடுங்கள். சுருதி இறங்கும். மறுபடி ஏற்றி மறுபடி இழுங்கள். இழுத்தாலும் இறங்காத நிலை வரும்வரை செய்யுங்கள். "புது ஸ்ட்ரிங் போட்டதில் இருந்து நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று கிடாரைக் கொண்டுவருபவர்கள் பலர் இதை மட்டும்தான் விட்டிருப்பார்கள்.

நட்டைப் பூட்டியதும் சுருதி ஏறிவிடுகிறதே?

நட்டுக்கும் ட்யூனிங் கீக்கும் இடையில், ஸ்ட்ரிங்குகளின் மேல் குறுக்கே ஒரு சின்ன உருளைக் கம்பி இருக்கும். ஸ்ட்ரிங் நட்டின் வளைந்த மேற்பரப்பில் படிந்து கிடக்கும்படி அழுத்துவது அதன் வேலை. அது தளர்ந்திருந்தால் ஸ்ட்ரிங் நட்டின் பின்பகுதியைத் தொடாமல் மேலே நிற்கும். பூட்டும்போது அதைக் கீழே அழுத்துகிறீர்கள், அதனால் சுருதி ஏறுகிறது. அந்தக் கம்பியின் இரண்டு திருகுகளையும் ஸ்ட்ரிங் நட்டில் படியும் அளவுக்கு இறக்கினால் சரியாகிவிடும். மிச்சம் இருக்கும் ஒன்றிரண்டு சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) வித்தியாசத்துக்கு ஃபைன் ட்யூனர் போதும்.

எல்லாம் சரியாகச் செய்தேன். ஆனாலும் பாரை அழுத்தி விட்டால் சுருதி பழைய இடத்துக்கு வருவதில்லை.

இங்கே கொஞ்சம் துப்பறிய வேண்டும். ட்யூனரைப் பார்த்துக்கொண்டே பாரை ஆழமாக அழுத்தி விடுங்கள். ஆறையும் சோதியுங்கள். பிறகு பாரை மேலே தூக்கி விடுங்கள். மறுபடி சோதியுங்கள். விலகல் எந்த விதத்தில் இருக்கிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆறும் சேர்ந்தே விலகுகின்றன, அழுத்தி விட்டால் எல்லாம் இறங்கியும், தூக்கி விட்டால் எல்லாம் ஏறியும் நிற்கின்றன என்றால் கத்தி விளிம்பில் உராய்வு. பிரிட்ஜ் போன பக்கத்திலேயே கொஞ்சம் தேங்கிவிடுகிறது. விளிம்பிலும் தூணின் பள்ளத்திலும் அழுக்கும் துருவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். துடைத்துவிட்டு ஒரு துளி எண்ணெயோ கொஞ்சம் வாசலினோ தடவினால் பல நேரம் சரியாகிவிடும். விளிம்பு மழுங்கியோ பள்ளம் விழுந்தோ இருந்தால் எண்ணெயால் பயனில்லை. விளிம்பை மறுபடி கூராக்கவோ பிரிட்ஜை மாற்றவோ வேண்டும். விளிம்பு மழுங்க முக்கியக் காரணம், ஸ்ட்ரிங் முழு இறுக்கத்தில் இருக்கும்போதே தூண் திருகைத் திருப்பி பிரிட்ஜின் உயரத்தை மாற்றுவது. 40 கிலோ பாரம் அழுத்திக்கொண்டிருக்கும்போது கத்தியை இரும்பில் தேய்ப்பது போலத்தான் அது. ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவிட்டு உயரத்தை மாற்றுங்கள்.

பக்கத்துப் பக்கத்து ஸ்ட்ரிங் இரண்டு மட்டும் விலகுகின்றனவா? நட்டில் மூன்று பூட்டுகள் உண்டு, ஒவ்வொன்றும் இரண்டு ஸ்ட்ரிங்கைப் பிடிக்கிறது. அந்த ஜோடியின் பூட்டு இறுகவில்லை, அல்லது கவ்வும் கட்டையின் அடியில் பள்ளம் விழுந்துவிட்டது. பள்ளம் விழுந்த கட்டையைத் தனியாக வாங்கி மாற்றலாம்.

ஒரே ஒரு ஸ்ட்ரிங் மட்டும் இறங்கிக்கொண்டே போனால் சாடில் பிடியில் நழுவுகிறது என்று அர்த்தம். அவிழ்த்து மறுபடி மாட்டுங்கள்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் எல்லாம் கலைகிறது என்றால் நட்டையே பிடித்து ஆட்டிப் பாருங்கள். நட் கழுத்தோடு இரண்டு திருகுகளால் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு தம்பி வாங்கிய புதுக் கிடாரில் அந்தத் திருகுகள் கடையில் இருந்து வரும்போதே தளர்ந்திருந்தன. மூன்று மாதம் ஸ்பிரிங்கையும் ஸ்ட்ரிங்கையும் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். இரண்டு திருகை இறுக்கியதும் பிரச்சினை தீர்ந்தது. அந்த மூன்று மாதம் அவர் பாரைத் தொடவே இல்லை என்று சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

நட் பூட்டு இல்லாத ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை கிடார் என்னிடம் இருக்கிறது. அதுவும் மிதந்து நிற்குமா?

நிற்கும். பிரிட்ஜின் பின்பக்கம் உடம்பில் இருந்து ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தூக்கி நிற்கும்படி அமைத்தால் சுருதியை மேலேயும் கொஞ்சம் ஏற்றலாம். ஆங்கிலேய கிடார் கலைஞர் ஜெஃப் பெக் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மிதக்கும் பிரிட்ஜை வைத்துக்கொண்டு, பாரை விட்டுக் கையை எடுக்காமல், பாட்டுக் குரல் போல ஸ்வரங்களை வழுக்கி எடுப்பார். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த வாசிப்பு உடனே பிடித்துப்போகும். அவர் பெயரில் வந்த மாடலில் நட்டுக்குப் பதில் உருளைகள் வைத்த ரோலர் நட் இருந்தது. காரணம் உராய்வுதான்.

இந்த வகையில் விலகலின் திசை ஃப்ளாய்ட் ரோஸுக்கு நேர் எதிராக வரும். பாரை அழுத்தி விட்டதும் ஸ்ட்ரிங் ஏறி நிற்கிறது, விரலால் பெண்ட் செய்து (ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றி) விட்டதும் இறங்கி நிற்கிறது என்றால், அது நட் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிடுங்கள். செலவில்லாத மருந்து, நன்றாகவே கேட்கும். பள்ளம் ஸ்ட்ரிங்கைவிடக் குறுகலாக இருந்தால் மட்டும் அதை அகலப்படுத்த வேண்டும். ட்யூனிங் கீயில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். ஸ்ட்ரிங்கைக் கவ்விப் பூட்டும் வகை ட்யூனிங் கீ போட்டால் சுற்றே தேவையில்லை.

பெண்ட் செய்யும்போது மற்ற ஸ்ட்ரிங்குகள் இறங்குகின்றன. இதைச் சரிசெய்ய முடியுமா?

முடியாது, மிதக்கும் பிரிட்ஜின் இயல்பு அது. ஒரு ஸ்ட்ரிங்கை இழுத்தால் தராசு சாய்கிறது. ஒரு ஸ்ட்ரிங்கைப் பெண்ட் செய்துகொண்டே பக்கத்து ஸ்ட்ரிங்கையும் ஒலிக்கவிடும் வாசிப்பு, நாட்டுப்புற அமெரிக்க இசையில் நிறைய வருவது, இதில் சிரமம். அப்படி வாசிக்கும்போது அந்த இரண்டாவது ஸ்ட்ரிங்கையும் விரலால் ஒரு துளி தள்ளிச் சமாளிக்கலாம். உள்ளங்கையை பிரிட்ஜின் மேல் ஊன்றினாலும் சுருதி ஏறும். கையைச் சாடிலுக்குச் சற்று முன்னால், ஸ்ட்ரிங்கின் மேல் லேசாக வையுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ட்ராப் டி ட்யூனிங்குக்கு (தடித்த ஈயை டிக்கு இறக்குவது) மாற்றலாமா? தடித்த ஸ்ட்ரிங் போடலாமா?

எதை மாற்றினாலும் தராசை மறுபடி சமன் செய்ய வேண்டும். 9 செட்டில் இருந்து 10 செட்டுக்குப் போனால் க்ளா திருகை இறுக்க வேண்டும், சில நேரம் இன்னொரு ஸ்பிரிங் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் ட்யூனிங் மாற்றுபவருக்கு ஃப்ளோட்டிங் பிரிட்ஜ் ஒத்துவராது என்பதே என் கருத்து. இரண்டு கிடார் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பிரிட்ஜை உடம்போடு ஒட்டி உட்காரவைத்து, கீழே மட்டும் போகும்படி அமைக்கலாம். எடி வான் ஹேலன் அப்படித்தான் வைத்திருந்தார். தடித்த ஈயை ஒரு இழுப்பில் டிக்கு இறக்கும் டி-ட்யூனா என்ற கருவி அவருடையது. பிரிட்ஜ் மிதக்காமல் உடம்பில் அமர்ந்திருந்தால்தான் அது வேலை செய்யும்.

இன்டொனேஷன் எப்படிப் பார்ப்பது?

இன்டொனேஷன் என்றால் கழுத்தில் எங்கே அழுத்தினாலும் சுருதி சரியாக இருப்பது. திறந்த ஸ்ட்ரிங்கையும் 12வது ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள உலோகக் கட்டு) அழுத்திய ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலை நட்டில் இருந்து தள்ளிப் பின்னால் நகர்த்த வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால். ஃப்ளாய்ட் ரோஸில் அந்த ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, சாடிலைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, கையால் நகர்த்தி, இறுக்கி, மறுபடி எல்லாவற்றையும் ட்யூன் செய்து பார்க்க வேண்டும். மெதுவான வேலை. ஒரே வகை ஸ்ட்ரிங் செட்டையே தொடர்ந்து போட்டால் இதை அடிக்கடி தொட வேண்டியிருக்காது.

எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அது பாதிக்குமா?

பாதிக்கும். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் மாதிரி கடலோர ஊர்களில் கழுத்து மரம் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் வளையும். குளிர்நாடுகளில் ஹீட்டர் போட்ட வீட்டில் மரம் காய்ந்து எதிர்ப்பக்கம் போகும். கழுத்து வளைந்தால் இழுவிசை மாறும், இழுவிசை மாறினால் பிரிட்ஜ் நகரும். ஏசி அறையில் ட்யூன் செய்துவிட்டு நேராகச் சூடான மேடைக்குப் போனால், கம்பி சூட்டில் விரிந்து சுருதி இறங்கும். வாசிக்கும் இடத்திலேயே கிடாரைப் பெட்டியைத் திறந்து கால் மணி நேரம் வைத்துவிட்டு ட்யூன் செய்யுங்கள்.

ஈரத்தைவிட வியர்வை மோசம். உள்ளங்கை வியர்வை சாடில் திருகுகளில் இறங்கித் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த திருகின் வாய் ஆலன் கீயில் வழுக்கி மொழுக்கென்று ஆகிவிட்டால், அதை எடுப்பது பெரும்பாடு. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை திருகுகளில் ஒரு துளி இயந்திர எண்ணெய் விடுங்கள்.

முதல் கிடாராக இதை வாங்கலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். காது பழகும் காலத்தில் ட்யூனிங்கோடு போராடினால் வாசிப்பில் இருக்கும் ஆர்வம் போய்விடும். ஏற்கனவே வாங்கிவிட்டால் கவலை வேண்டாம். உலோகக் கட்டியின் இரண்டு பக்கமும் மரத்துண்டு செருகி பிரிட்ஜை அசையாமல் நிறுத்திவிட்டு, ஒரு வருடம் சாதாரண கிடாராக வாசியுங்கள். பிறகு மரத்துண்டை எடுத்துக்கொள்ளலாம். மலிவான கிடார்களில் வரும் பிரிட்ஜ்களில் சிலவற்றின் உலோகம் மென்மையாக இருக்கும், விளிம்பு சீக்கிரம் தேயும். பணம் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் பிக்அப்பைவிட (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்னலையாக்கும் பாகம்) பிரிட்ஜின் தரத்துக்குச் செலவழியுங்கள்.

மேடையில் ஒரு ஸ்ட்ரிங் அறுந்துவிட்டால்?

ஸ்ட்ரிங் பக்கம் பாரம் குறைந்து ஸ்பிரிங் வென்றுவிடும், மீதி ஐந்தும் ஒரே நொடியில் ஏறிவிடும். அந்தப் பாட்டை அந்தக் கிடாரில் தொடர முடியாது. அதனால் மேடைக்குப் போகும்போது இன்னொரு கிடாரைச் சுதி சேர்த்துத் தயாராக வைத்திருங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், உபரி ஸ்ட்ரிங் செட், வெட்டும் குறடு, 3 மில்லிமீட்டர் ஆலன் கீ இரண்டு, ஒரு சின்னத் துணி, முன்பு சொன்ன மரத்துண்டு எல்லாவற்றையும் ஆம்ப்ளிஃபையர் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆலன் கீ இரண்டு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: இருட்டு மேடையில் ஒன்று கண்டிப்பாகக் கீழே விழும்.